அடியில் ஒரு துளை: சீனத்து ஜாடி விளக்கான கதை

1

காரைக்குடியில் பழம்பொருட் கடைகள் வரிசையாக உள்ள தெருவில், சென்ற கோடையில் ஒரு மத்தியானம், ஒரு கடைக்குள் நின்றுகொண்டிருந்தேன். கரண்ட் போயிருந்தது. முழங்கால் உயரத்தில் ஒரு ஜாடி. தேன் கலந்த பழுப்பு நிறப் பூச்சு. தோளில் கயிறு கோத்துக் கட்ட நான்கு காதுகள். மேலிருந்து வழிந்த பூச்சு அடிவயிற்றுக்குச் சற்று மேலேயே நின்றுவிட்டிருந்தது. அதற்குக் கீழே வெறும் மண். வாயில் பித்தளை மூடி போட்டு, அதன்மேல் பல்பு மாட்டும் ஹோல்டரும் துணிக்குடையும் வைத்திருந்தார்கள். 'மேஜை விளக்கு' என்று ஒரு சீட்டு தொங்கியது.

கடைக்காரர் பெரியவர். நான் வாங்கப்போகிற ஆள் இல்லை என்பது தெரிந்தும் பேசினார். "சீனா ஜாடி தம்பி. பர்மாவுல இருந்து வந்த சாமான்." ஜாடியைச் சாய்த்து அடியைப் பார்த்தேன். நடுவில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு வட்டமாக ஒரு துளை. இதை எதற்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். "அடியில ஓட்டை போட்டாத்தானே ஒயரு வெளிய தெரியாது? மேல வழியா விட்டா அசிங்கமாத் தொங்கும்ல."

இந்தப் பதிலைப் பற்றியதுதான் இக்கட்டுரை. சீனத்து ஜாடி விளக்காவது காரைக்குடிச் சமாச்சாரம் அல்ல. பாரிசிலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் நெடுங்காலமாக நடந்துவரும் தொழில். ஏலக் கம்பெனிகளின் பட்டியல்களில் 'விளக்குக்காகத் துளையிடப்பட்டது' என்பது பழகிப்போன ஒரு தொடர். ஒரு பண்டத்தின் ஊனத்தைக் குறிக்கும் தொடர் அது; அதைப் பார்த்தால் வாங்குபவர் விலையைக் குறைப்பார். ஊனத்தின் வரலாற்றை மட்டும் யாரும் பட்டியலில் எழுதுவதில்லை.

2

முதலில் பொருள் எது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நாம் 'பீங்கான்' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லே பாரசீகத்திலிருந்து நமக்கு வந்தது. வெள்ளை வெளேரென்று, வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி கசியும் மெல்லிய பாண்டம் வேறு. நான் சொல்லும் ஜாடி வேறு. இது சாதாரண மண்ணை 1200 டிகிரிக்கு மேல் சுட்டுக் கல்போல இறுக வைத்த பாண்டம். மரச்சாம்பலும் மண்ணும் கலந்த குழம்பைப் பூசிச் சூளையில் வைத்தால் அது உருகிக் கண்ணாடிபோலப் படியும். தண்ணீர் கசியாது, உப்பு அரிக்காது, புளிப்பு ஏறாது. அரசவைக்கு வெள்ளைப் பீங்கான் போயிற்று. கப்பலுக்கும் கடைக்கும் சமையற்கட்டுக்கும் இந்தப் பழுப்பு ஜாடி போயிற்று.

இது பெரும்பாலும் சரக்காகப் போகவில்லை, சரக்கைச் சுமந்து போயிற்று என்பதுதான் இதன் வரலாற்றைப் புரிந்துகொள்ளத் திறவுகோல். இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே 1998இல் கண்டெடுக்கப்பட்ட 9ஆம் நூற்றாண்டுக் கப்பலில் சாங்ஷா சூளைகளின் கிண்ணங்கள் பல்லாயிரக்கணக்கில் இருந்தன. ஒரு கிண்ணத்தில் கி.பி. 826க்கு இணையான சீன ஆண்டு பொறிக்கப்பட்டிருந்தது. இந்தக் கிண்ணங்களில் பலவற்றைப் பெரிய பெரிய ஜாடிகளுக்குள் சுருள் சுருளாக அடுக்கி அனுப்பியிருந்தார்கள். அருங்காட்சியகத்தில் கிண்ணத்துக்குக் கூட்டம் கூடுகிறது. ஆயிரத்து இருநூறு வருஷம் கடலுக்கடியில் அதை உடையாமல் வைத்திருந்த ஜாடி ஓரமாக நிற்கிறது.

தன் பெயரைக்கூட அது செய்தவரிடமிருந்து பெறவில்லை, வழியில் நின்ற துறைமுகங்களிடமிருந்து பெற்றது. கீழ்ப் பர்மாவின் மர்த்தபான் துறை, இன்றைய மொத்தமா, இவ்வகை ஜாடிகள் கைமாறிய இடம். அதனால் தென்சீனாவில் செய்த ஜாடிக்கும் 'மர்த்தபான்' என்றே பெயர் நிலைத்தது. இந்தியிலும் உருதுவிலும் ஊறுகாய் ஜாடிக்கு இன்றும் 'மர்தபான்' என்பதுதான் சொல். 14ஆம் நூற்றாண்டில் இப்ன் பதூதா தனக்குக் கிடைத்த பரிசுகளைச் சொல்லும்போது, கடற்பயணத்துக்காக உப்பிட்ட இஞ்சியும் மிளகும் எலுமிச்சையும் மாங்காயும் நிறைந்த மர்த்தபான்களைக் குறிப்பிடுகிறார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு மதுரையில் சுல்தானின் விருந்தாளியாக இருந்தவர் அவர். நம்மூர் அப்பத்தாக்கள் மாவடு போட்ட ஜாடிக்கும் அந்தக் கப்பல் ஜாடிக்கும் நடுவே அறுநூறு வருஷத்துக்கு மேல் இருக்கலாம். ஆனால் வேலை ஒன்றுதான். உள்ளே வைத்ததைக் கெடாமல் காப்பது.

சீனத்துப் பாண்டம் தமிழ்க் கரைக்கும் வந்தது. ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் ஈடுபட்ட ஆய்வுகளில் 13, 14ஆம் நூற்றாண்டுகளின் சீன ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. மறுகோடியில், சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வது என் நோக்கமல்ல. அந்த வேலைக்கு இங்கே ஆள் நிறைய இருக்கிறார்கள். உடைந்த ஓட்டின் அடிப்பாகம் பேசுகிற அளவுக்கு முழு ஜாடியின் பளபளப்பு பேசாது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். தொல்லியலாளர்கள் கையில் எடுத்ததும் முதலில் அடியைத்தான் திருப்பிப் பார்ப்பார்கள். பூச்சுப் படாத மண் அங்கேதான் தெரியும். சக்கரத்திலிருந்து அறுத்தெடுத்த தடம், சூளையில் முட்டுக்கொடுத்த வடு, வணிகர் மையால் எழுதிய அடையாளம் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். குவாங்டுங் கடலில் 1987இல் கண்டுபிடித்து 2007இல் வெளியே தூக்கிய 'நான்ஹாய் 1' என்ற சோங் காலக் கப்பலின் பாண்டங்களில், இன்னாருடையது என்று மையால் எழுதிய குடும்பப் பெயர்கள் அடியில் இருந்தன. பாண்டத்தின் அடி என்பது அதன் ஆவணக் காப்பகம். துளைக்கருவி நேராக அங்கேதான் இறங்குகிறது.

3

இந்த இடத்தில் ஒரு எதிர்க்கேள்வி எழும், எழவேண்டும். ஜாடிக்கு 'அசலான' பயன் என்று ஒன்று உண்டா? ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் அது வேறொன்றாக மாறிக்கொண்டுதானே வந்திருக்கிறது? மாற்றம் எல்லாவற்றையும் சீரழிவு என்று பார்ப்பது ஆசாரவாதிகளின் புத்தி அல்லவா?

நியாயமான கேள்வி. இரண்டு உதாரணங்களை எடுத்துக்கொள்வோம்.

16ஆம் நூற்றாண்டு ஜப்பானில் தேநீர்ச் சடங்கின் செல்வர்கள் தென்சீனத்துப் பழுப்பு ஜாடிகளைத் தேயிலை பதப்படுத்தி வைக்கத் தேடித் தேடி வாங்கினார்கள். பிலிப்பைன்ஸின் லூசோன் தீவு வழியாக வந்ததால் அவற்றுக்கு லூசோன் ஜாடி என்று பெயர். அந்தோனியோ தெ மோர்கா 1609இல் வெளிவந்த தன் நூலில் ஜப்பானியரின் இந்த ஜாடிப் பித்தைப் பதிவுசெய்திருக்கிறார். சீனத்தில் எதையோ நிரப்பி அனுப்பிய சாமானியப் பாண்டம் ஜப்பானில் தனிப்பெயர் சூட்டப்பெற்று, பட்டுக் கயிறும் மூடுதுணியும் அணிந்து சபையில் உட்கார்ந்தது. அவற்றில் 'சிகுசா' என்ற ஒரு ஜாடி 13 அல்லது 14ஆம் நூற்றாண்டுக்கு உரியது. 2009இல் வாஷிங்டனின் ஃப்ரீயர் கலைக்கூடத்துக்குப் போய்ச்சேர்ந்தது. அதன் அடியில் நான்கு கையொப்பங்கள் அரக்கு மையால் எழுதப்பட்டிருக்கின்றன. பணக்காரர்களின் விளையாட்டுத்தான், சந்தேகமில்லை. ஆனால் ஜாடி அங்கேயும் தேயிலையைக் காத்தது. அடியில் கை வைத்தவர்கள் அழிக்கவில்லை, எழுதினார்கள்.

இன்னொன்று போர்னியோ. அத்தீவின் உள்நாட்டு மக்களிடம் சீன ஜாடி பெண்ணுக்குக் கொடுக்கும் பரிசம். குற்றத்துக்குக் கட்டும் அபராதம். நெல்லிலிருந்து வடிக்கும் கள்ளின் கலம். உயிருள்ள மூதாதைப் பொருள். கடைசியில் அதுவே பிணத்தின் வீடு. நம் ஆதிச்சநல்லூர்த் தாழிகளைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகப் படாது. சரவாக்கின் பெரவான் மக்கள் இறந்தவரின் உடலைப் பெரிய ஜாடிக்குள் உட்கார்த்தி வைப்பார்கள். வாய் சிறிதாக இருந்தால் ஜாடியை வயிற்றோடு அறுத்து, உடலை வைத்து, மறுபடி பொருத்தி மூடுவார்கள். உடல் கரைந்து வடியும் நீர் வெளியேற அடியில் ஒரு துளையும் போடுவார்கள்.

துளை! ஆகவே பிரச்சனை துளையில் இல்லை. அறுப்பதும் குடைவதும் பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. பெரவான்களின் துளை, ஜாடி தன் வேலையைச் செய்வதற்காகப் போட்ட துளை. உள்ளே ஒருவர் இருக்கிறார், அவருக்காகத்தான் அது. கள்ளும் தேயிலையும் ஊறுகாயும் எலும்பும் வெவ்வேறானாலும் இவை எல்லாவற்றுக்கும் ஜாடியின் வெற்றிடம் தேவைப்பட்டது. மின்விளக்குதான் அந்த வெற்றிடம் தேவைப்படாத முதல் பயன். அதற்கு வேண்டியது ஜாடியின் தோல் மட்டும்.

கூஜா ஒன்றை முன்னிறுத்தி 1950இல் மார்ட்டின் ஹைடெக்கர் ஆற்றிய உரை இங்கே நினைவுக்கு வருகிறது. கலத்தைக் கலமாக்குவது சுவரல்ல, உள்ளிருக்கும் வெறுமை என்று அவர் வாதிட்டார். அவருடைய நாஜி அரசியலை மறந்துவிட்டு அவரைப் படிக்க முடியாது. மேலும் அவருடைய கூஜாவில் தானமும் வானமும் தெய்வமும் உண்டே தவிர, அதை வனைந்தவனின் கூலி கிடையாது. ஆனாலும் வெறுமை பற்றிய அந்த அவதானிப்பை எடுத்துக்கொண்டு, கூலியை நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

4

சீனர்களுக்கு மண்ணில் விளக்குச் செய்யத் தெரியாது என்பதல்ல. சிச்சுவான் பகுதியின் சியோங் சூளைகளில் தாங், சோங் காலங்களில் ஒருவகைப் பூச்சிட்ட விளக்கு செய்தார்கள். அகல் போன்ற தட்டுக்கு இரண்டு அடுக்குச் சுவர், நடுவில் பொந்து, பக்கவாட்டில் சிறு துளை. துளை வழியாகப் பொந்தில் தண்ணீர் ஊற்றுவார்கள். தண்ணீர் சூட்டை வாங்கிக்கொள்ளும், மேலே எண்ணெய் வீணே ஆவியாகாது. 12ஆம் நூற்றாண்டுக் கவிஞர் லூ யூ தன் குறிப்பேட்டில் இதை வியந்து எழுதி, எண்ணெய் ஏறக்குறையப் பாதி மிச்சப்படும் என்கிறார். இதற்குப் பெயரே 'எண்ணெய் மிச்சப்படுத்தும் விளக்கு'. மண் ஈரமாக இருக்கும்போதே, எண்ணெய் வாங்கக் காசில்லாதவரை மனதில் வைத்துக் குயவர் போட்ட துளை அது. இந்த விளக்கு பணக்கார வீடுகளின் வரவேற்பறைக்குப் போகவில்லை. விளக்காகப் பிறந்தது மூலையில் கிடக்க, ஜாடியாகப் பிறந்ததை விளக்காக்கினார்கள்.

அதன் தொடக்கத்தைப் பாரிசில் தேடலாம். 18ஆம் நூற்றாண்டு பாரிசில் 'மர்ஷான் மெர்சியே' என்ற ஆடம்பர வணிகர் கூட்டம் இருந்தது. தங்கள் சங்க விதிப்படி எதையும் அவர்கள் சுயமாக உற்பத்தி செய்யக்கூடாது. மற்றவர் செய்ததை அலங்கரித்து விற்கலாம். ஆகவே சீனத்துப் பச்சைப் பூச்சுப் பாண்டங்களுக்குப் பொன்முலாம் பூசிய வெண்கலக் கால்களும் வளையங்களும் கைப்பிடிகளும் மாட்டினார்கள். லசார் துவோ என்ற வணிகரின் 1748 முதல் 1758 வரையிலான நாட்கணக்கு இன்றும் இருக்கிறது. மன்னரின் காதலி பொம்பதூர் சீமாட்டி அவருடைய பெரிய வாடிக்கையாளர். உற்பத்தி செய்யத் தடை, உருமாற்றத் தடையில்லை: அயல்நாட்டுப் பொருளோடு ஐரோப்பாவின் உறவு முழுவதையும் இந்தச் சங்க விதியில் படித்துவிடலாம் என்று தோன்றுகிறது.

1800இல் கார்செல் என்பவர் கடிகார விசையால் எண்ணெயை மேலேற்றும் விளக்கைக் கண்டுபிடித்தார். 1830களில் சுருள்வில் விளக்கு வந்தது. 1859இல் பென்சில்வேனியாவில் எண்ணெய்க் கிணறு தோண்டிய பிறகு மண்ணெண்ணெய். இக்காலம் முழுவதும் கீழை நாட்டுப் பாண்டங்கள் விளக்கின் உடலாயின. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். எண்ணெய் விளக்குக்கு வயிறு வேண்டும். எண்ணெய்க் குப்பியையோ பொறியையோ வாய் வழியே உள்ளே இறக்கினால் போதும். பெரும்பாலும் அடியைத் தொடத் தேவையில்லை. வேண்டாமென்றால் குப்பியைத் தூக்கிவிட்டு மறுபடி ஜாடியாக்கலாம்.

மின்சாரம் வந்ததும் நிலைமை மாறிற்று. வெளிச்சத்தின் மூலம் இப்போது விளக்குக்குள் இல்லை. எங்கோ தூரத்தில், ஒரு மின் நிலையத்தில், நிலக்கரி அள்ளிப்போடும் ஒருவரின் தோளில் இருக்கிறது. அங்கிருந்து வரும் கம்பியை மேல்வழியாகவும் கொண்டுவரலாம். ஜாடிக்குச் சேதமில்லை. ஆனால் காரைக்குடிப் பெரியவர் சொன்ன மாதிரி 'அசிங்கமாத் தொங்கும்'. ஒளி தானாகப் பிறப்பதுபோல் இருக்கவேண்டும், அது எங்கிருந்து வருகிறது என்று தெரியக்கூடாது. இந்த மறைப்புக்காகத்தான் ஜாடியைக் கவிழ்த்து, தண்ணீர் விட்டு விட்டுக் குழல்வடிவத் துளைக்கருவியால் அடியைக் குடைகிறார்கள். தொழில்நுட்பத்தின் கட்டாயம் என்று இதைச் சொல்லமுடியாது. இது ரசனையின் கட்டாயம். மார்க்ஸ் பண்டத்தைப் பற்றிச் சொன்னது, உழைப்பின் உறவுகளைப் பொருளின் மினுக்கம் மறைக்கிறது என்பது, இங்கே உருவகமே இல்லை. ஒரு மேஜைமேல் அரை அங்குல விட்டத்தில் நடக்கிறது.

5

1882ஆம் ஆண்டின் இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அவ்வாண்டு மே 6ஆம் தேதி அமெரிக்காவில் சீனர் விலக்குச் சட்டம் கையெழுத்தாயிற்று. சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் நுழையத் தடை. அவ்வாண்டு செப்டம்பர் 4ஆம் தேதி நியூயார்க்கின் பெர்ல் தெருவில் எடிசனின் மின் நிலையம் ஓடத் தொடங்கி வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் மின்சாரம் கொடுத்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. ஆனால் சீன ஜாடிவிளக்கு என்ற பொருள் அமெரிக்க வரவேற்பறையில் இடம்பிடித்தது இவ்விரண்டு தேதிகளுக்கும் பிந்திய உலகத்தில்தான்.

அதற்கு முன்பே சீன ஜாடி அமெரிக்கா போயிருந்தது, தொழிலாளிகளோடு. 1865 முதல் 1869 வரை சென்ட்ரல் பசிபிக் ரயில்பாதையைச் சியாரா நெவாடா மலைகளைக் குடைந்து போட்டவர்கள் பெரும்பாலும் குவாங்டுங் மாகாணத்துச் சீனர்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களுடைய முகாம்கள் இருந்த இடங்களைத் தோண்டிய தொல்லியலாளர்களுக்குத் திரும்பத் திரும்பக் கிடைப்பது பழுப்புப் பூச்சிட்ட ஜாடிகளின் ஓடுகள். சோயா சாறு வந்த ஜாடி, ஊறவைத்த காய்கறி வந்த ஜாடி, சாராயக் குடுவை. அமெரிக்கத் தொல்லியலில் இதற்கென்று ஒரு வகைப்பெயரே இருக்கிறது. அந்தத் தொழிலாளிகள் கைப்பட எழுதிய கடிதமோ நாட்குறிப்போ நமக்குக் கிடைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் என்ன தின்றார்கள் என்பது தெரியும். ஜாடி சாட்சி.

1867 ஜூனில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வெள்ளைத் தொழிலாளிக்குச் சமமான கூலி, சுரங்கத்தில் குறைந்த நேரம் என்று கேட்டார்கள். கம்பெனியின் சார்லஸ் க்ராக்கர் துப்பாக்கியெல்லாம் எடுக்கவில்லை. முகாம்களுக்குப் போகும் சாப்பாட்டுச் சரக்கை நிறுத்தினார். சுமார் ஒரு வாரத்தில் போராட்டம் முறிந்தது. ஜாடிகள் காலியாயின, அவ்வளவுதான். வெற்றிடம் என்று மேலே தத்துவமாகப் பேசினோமே, அதற்கு இப்படி ஒரு அர்த்தமும் உண்டு.

பாதை முடிந்தது, பதின்மூன்றே வருஷத்தில் ஆட்களுக்குக் கதவு அடைபட்டது. சாமான்களுக்குக் கதவு திறந்தே இருந்தது. யமனாகா என்ற ஜப்பானியப் பழம்பொருள் நிறுவனம் 1895இல் நியூயார்க்கில் கடை போட்டது. சிங் அரசு கவிழ்ந்தவுடன் 1912இல் குங் இளவரசர் குடும்பத்துச் சேகரிப்பை வாங்கி அடுத்த ஆண்டே நியூயார்க்கில் ஏலம் விட்டது. எட்வர்ட் ஃபார்மர் போன்ற நியூயார்க் வணிகர்கள் சீனப் பழம்பொருட்களில் விளக்குச் செய்து கொடுப்பதையே தொழிலாக வைத்திருந்தார்கள். கொள்ளையிலும் கலகத்திலும் கடனிலும் சீன வீடுகளிலிருந்து வெளியேறியவை அமெரிக்க வீடுகளில் ஒளிவீசின. விலக்குச் சட்டம் 1943இல்தான் நீங்கியது. அதுவரை, ஜாடி உள்ளே போகலாம். அதில் ஊறுகாய் போடத் தெரிந்தவர் போகக்கூடாது.

எதிர்த்திசையிலும் ஒரு விளக்கு போயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனி தன் மண்ணெண்ணெய்க்குச் சீனக் கிராமங்களில் சந்தை பிடிக்க 'மேய் ஃபூ' என்ற பெயரில் மலிவான சிறு விளக்குகளை ஏறக்குறையச் சும்மாவே கொடுத்தது. விளக்கு கையில் இருந்தால் எண்ணெய் வாங்கித்தானே தீரவேண்டும். இதை வைத்து ஆலிஸ் டிஸ்டேல் ஹோபார்ட் 1933இல் ஒரு நாவல் எழுத, 1935இல் ஹாலிவுட் அதைப் படமாக்கியது. பர்மா ஷெல் டின்னும் சிம்னி விளக்கும் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கதையை விளக்கவேண்டியதில்லை. அமெரிக்க வீட்டுக்குச் சீனப் பாண்டத்தில் விளக்கு, சீனக் குடிசைக்கு அமெரிக்க எண்ணெயில் விளக்கு. ஒன்று பழமையின் குறி, மற்றது நவீனத்தின் தூண்டில். பழம்பொருளின் இன்றைய வேலை காலத்தைக் குறிப்பதுதான் என்று போத்ரியா 1968இல் எழுதினார். யாருடைய காலத்தை என்று சேர்த்துக் கேட்கவேண்டும்.

6

மறுதரப்பையும் சொல்லிவிடவேண்டும். விளக்காக்கியதால்தான் பல ஜாடிகள் பிழைத்தன என்பது உண்மை. கழுத்து உடைந்தது, வயிற்றில் விரிசல் விட்டது, எதற்கும் ஆகாதது என்று குப்பையில் போயிருக்கவேண்டியவை ஒரு பித்தளை மூடியின் புண்ணியத்தில் வீட்டுக்குள் நிற்கின்றன. இன்று சந்தையில் இருப்பவற்றில் பழையவை எத்தனை என்பதும் கேள்விதான். பழசு மாதிரியே செய்து, சுடுவதற்கு முன்பே அடியில் துளை விட்டு அனுப்பும் ஜாடிகள் உண்டு. அவற்றைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. விளக்குக்காகவே பிறந்தவை அவை, சியோங் சூளை விளக்கின் தூரத்து உறவு.

பெரியவரிடமும் எனக்குப் புகார் இல்லை. "ஜாடியா வச்சா யாரு தம்பி வாங்குறா? ஊறுகாயே பிளாஸ்டிக் டப்பாவுல வருது" என்றார். சரியான பேச்சு. பர்மாவில் வட்டிக்கடை வைத்தவர்களின் வீட்டுச் சாமான் இப்படி விற்பனைக்கு வருகிறது. அங்கே கூலிக்குப் போய் 1942இல் கால்நடையாகத் திரும்பியவர்கள் ஜாடி எதையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கமுடியாது. ஆகவே இந்தக் கடைகளில் வரிசையாக நிற்பதை 'நம்' நினைவு என்று மொத்தமாகச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. யாருடைய நினைவு பிழைத்தது, யாருடையது வழியில் விழுந்தது என்பது சாமான்களில் தெரியாது. சாமான் இல்லாத வீடுகளில்தான் தெரியும்.

உரலைச் செடித்தொட்டியாக்கியும், வாசற்கதவைச் சாப்பாட்டு மேஜையாக்கியும், ஆட்டுக்கல்லைத் தோட்டத்தில் பதித்தும் விடுதிகள் நடத்துகிற காலத்தில் இருக்கிறோம். அவற்றை வேண்டாம் என்று கூச்சல் போடுவதால் பயனில்லை. உரலில் இடித்தவளுக்கு அந்த உரல் போய்த்தொலைந்ததில் சந்தோஷம்தான் இருந்திருக்கும். அவளுடைய முதுகுவலியைப் பாரம்பரியம் என்று பெயரிட்டுக் காப்பாற்றுமாறு யாரும் அவளிடம் கேட்கமுடியாது. ஒரு பொருள் வேலையிலிருந்து விடுபடுவது வேறு. அதில் வேலை செய்தவர்கள் பொருளிலிருந்து துடைக்கப்படுவது வேறு. முன்னதை வரவேற்கலாம். பின்னதைப் பற்றித்தான் இத்தனை பேச்சும்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பழைய ஜாடி, பரணி, தாழி எது இருந்தாலும், கைமாறுவதற்கு முன் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் குறி, எழுத்து, வடு ஏதும் இருந்தால் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள், முடிந்தால் படம் எடுங்கள். அதில் என்ன போட்டு வைத்தார்கள், யார் போட்டார்கள், அந்த ஜாடியைத் தொட யாருக்கு அனுமதி இல்லை என்பதையும் கேட்டு எழுதுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடவேண்டாம். ஊறுகாய் ஜாடியில் தீட்டு பார்க்காத வீடு நம்மிடையே எத்தனை?

கிளம்பும்போது பெரியவரிடம் ஒன்று கேட்டேன். துளைபோடும்போது உள்ளே ஒரு சின்ன வட்ட வில்லை விழுமே, அதை என்ன செய்வீர்கள்? அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அது எதுக்குத் தம்பி? கூட்டித் தள்ளிருவோம்." அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. ஜாடியின் மேல் பல்பு எரிந்தது. சும்மா சொல்லக்கூடாது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது.